கடல் விலகும், ஆறு தாவும்: மாறிக்கொண்டே இருக்கும் கற்பனை உலகுக்கு வரைபடம் போடுவது எப்படி

கொற்கை பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று அந்த ஊரில் போய் நின்றால் கடல் கண்ணில் படாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளிவிட்டது. ஊர் இப்போது கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் அதுதான். அதுவும் தூர்ந்தது. அப்புறம் தூத்துக்குடி. ஒரே கரையோரத்தில், சுமார் இரண்டாயிரம் ஆண்டில், மூன்று துறைமுகங்கள்.

கற்பனை உலகம் படைக்க உட்காருகிற நாம் பெரும்பாலும் இந்த விஷயத்தை விட்டுவிடுகிறோம். கதையில் வம்சங்கள் மாறும், மொழி மாறும், தெய்வங்கள்கூட மாறும். முதல் பக்கத்து வரைபடம் மட்டும் ஆயிரம் ஆண்டுக்கும் அப்படியே கிடக்கும்.

நான் தொடக்கத்தில் வேறொரு தவறு செய்தேன். நான்கு காலங்களில் நடக்கும் ஒரு கதைக்கு நான்கு படங்களைத் தனித்தனியாக வரைந்தேன். ஒவ்வொன்றும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எழுத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மூன்றாவது படத்தில் கரைக்கோடு கைபோன போக்கில் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே வந்திருந்தது. அந்தப் படத்தின் அளவில் அது 20 கிலோமீட்டர். கதையில் என் நாயகி கோட்டை மதிலில் நின்று கீழே மேயும் மாடுகளைப் பார்க்கிறாள். படத்திலோ அந்தக் கோட்டை கடலுக்குள் இருந்தது. எழுதி முடித்த அத்தியாயங்களைப் பிரித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஒரே முறைதான். அடிப்படம் ஒன்று, அதன்மேல் ஆண்டு குறித்த மாற்றங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று கேள்வி கேட்பேன். எதனால் வந்தது? எவ்வளவு வேகத்தில் வந்தது? எதை மிச்சம் வைத்தது? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத மாற்றத்தை நான் படத்தில் ஏற்றுவதே இல்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

பென்சிலைத் தொடும் முன் ஒரு கேள்வி: உங்கள் கதை எத்தனை ஆண்டுகளைத் தொடுகிறது? நிலம் மாறும் வேகம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதை வைத்துத்தான் எது மாறலாம், எது மாறக்கூடாது என்று தீர்மானிக்க முடியும்.

ஒரே இரவில் மாறுபவை இருக்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது அப்படித்தான். 1943 பிப்ரவரியில் மெக்சிகோவில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் தரை வெடித்து, பரிக்குட்டின் என்ற எரிமலை முளைத்தது. 1952இல் அது அடங்கியபோது கொல்லை இருந்த இடத்தில் நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை நின்றது. ஒரு மனித வாழ்நாளுக்குள் மாறுபவையும் உண்டு. 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரி, மத்திய ஆசியாவில் இருக்கும் ஏரல் கடல். அதில் வந்து விழும் இரண்டு ஆறுகளையும் பருத்தி வயலுக்குத் திருப்பிவிட்டதில், அங்கே மீன் பிடித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஏரியின் பெரும்பகுதி பாலைவனமானது.

சில மாற்றங்களுக்கு நூற்றாண்டுகள் வேண்டும். துறைமுகம் தூர்வது அந்த வகை. சுவீடனின் வடகரையில் நடப்பது இன்னும் விசித்திரம். பனியுகத்துப் பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால் அங்கே நிலமே மெல்ல மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் மிதக்க ஆழம் போதாமல் 1649இல் லூலியோ நகரையே கடலை ஒட்டி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பனியுகம் வந்து போக ஆயிரக்கணக்கான ஆண்டுகள், மலைத்தொடர் எழ லட்சக்கணக்கான ஆண்டுகள், அதற்கும் மேலே.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது கண்டத்தட்டில்தான். "ஆயிரம் ஆண்டு கழிகிறதே, கண்டங்களை நகர்த்தட்டுமா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் ஆண்டில் 50 மீட்டர். 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்ற அளவில் வரைந்த படத்தில் அது 0.05 மில்லிமீட்டர். நீங்கள் போடும் பென்சில் கோட்டின் தடிப்பே அதைப்போலப் பத்து மடங்கு இருக்கும். ஆயிரம் ஆண்டுக் கதையில் கண்டங்களைத் தொட வேண்டாம். ஆற்றையும் கரையையும் காட்டையும் தொடுங்கள்.

அடிப்படமும் அசையாப் புள்ளிகளும்

ஒரு ஏ4 தாள், கொஞ்சம் டிரேசிங் பேப்பர், பென்சில், மூன்று நிறத்தில் பேனா, செலோடேப் போதும். மேலே சொன்ன அளவையே எடுத்துக்கொண்டால் தாளில் ஏறக்குறைய 200க்கு 300 கிலோமீட்டர் நிலம் அடங்கும். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடக்கும் வழிப்போக்கனுக்கு மூன்று சென்டிமீட்டர் ஒரு நாள். முதல் கதைக்கு இந்த அளவு நிலம் தாராளம். முழு உலகத்தையும் வரையக் கிளம்பினால் எந்த ஊரும் மனதில் நிற்காது.

முதலில் அசையாதவற்றைக் குறியுங்கள். குறைந்தது மூன்று வேண்டும். கெட்டிப் பாறை மலை, பாறைத் தீவு, இரண்டு மலைகளுக்கு நடுவில் உள்ள கணவாய் போன்றவை. என் படத்தில் 'ஆனைக்கல்' என்று ஒரு கரும்பாறைக் குன்று இருக்கிறது. கடல் வந்தாலும் போனாலும் அது அங்கேயே நிற்கும். கரை எங்கே, ஆறு எங்கே என்று சந்தேகம் வந்தால் ஆனைக்கல்லிலிருந்து அளப்பேன்.

அடுத்தது உயரம். மலைகளைக் கூம்பு கூம்பாக வரைந்துவிட்டுப் போகாதீர்கள். கடல்மட்டத்துக்கு மேலே மூன்று, கீழே இரண்டு என்று சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், போட்டுவிடுங்கள். கடலுக்கு அடியில் எதற்கு என்று தோன்றும். சுமார் இருபதாயிரம் ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நம் பூமியில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. பாக் நீரிணை ஆழமில்லாதது என்பதால் இலங்கையும் தமிழகமும் அப்போது ஒரே நிலம். உங்கள் உலகிலும் கடல் ஏறி இறங்குவதாக இருந்தால், அடியில் இருக்கும் கோடுதான் அடுத்த காலத்தின் கரை. முன்பே போட்டுவைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை, அந்தக் கோட்டின் மேல் பேனாவை ஓட்டினால் போதும்.

இந்தத் தாளில் இனி கை வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் சிறு கூட்டல் குறி போடுங்கள். அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, இடது ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள். புத்தகப் பக்கம் மாதிரி புரட்ட முடியும். டிரேசிங் தாளிலும் அதே நான்கு கூட்டல் குறிகளைப் பிரதி எடுங்கள். டேப் கழன்று தாள் நகர்ந்தாலும் குறிமேல் குறியை வைத்து ஒட்டிவிடலாம். நான் அன்று இதைச் செய்திருந்தால் அந்த இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தே இருக்காது.

ஆறுதான் எல்லாவற்றையும் நகர்த்தும்

கற்பனை நிலத்தில் மாற்றத்தைத் தொடங்கிவைக்க ஆற்றைவிட நல்ல கருவி கிடையாது. அதனால் இங்கே நிதானமாக இருங்கள்.

அடிப்படை விதிகள் சுலபமானவை. மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்குப் போகும். போகிற வழியில் ஆறுகள் ஒன்றுசேரும். பிரிந்து பல கிளைகளாவது பெரும்பாலும் கடலை நெருங்கும் சமவெளியில்தான். ஏரிக்குள் எத்தனை ஆறு வந்தாலும் வெளியேறும் வழி பொதுவாக ஒன்றுதான். மழைக்காற்று மோதும் பக்கம் மலை பச்சையாக இருக்கும், மறுபக்கம் வறண்டிருக்கும். எனவே காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு ஆறுகளை வரையுங்கள்.

இனி அது எப்படி நகரும் என்று பார்க்கலாம். சமவெளியில் ஆறு வளைந்து வளைந்து ஓடும். வளைவின் வெளிக்கரையை அரித்து, உள்கரையில் மணலைச் சேர்க்கும். வளைவு முற்றி இரண்டு முனையும் நெருங்கினால், ஒரு வெள்ளத்தில் குறுக்கே அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும். விட்டுப்போன வளைவு லாடம் போல ஒரு ஏரியாகத் தங்கும். இது சின்ன நகர்வு. ஆற்றை எல்லையாக வைத்திருக்கும் இரண்டு ஊர்களுக்குச் சண்டை மூட்ட இது போதும்: நேற்றுவரை தென்கரையில் இருந்த நிலம் இன்று வடகரையில்.

பெரிய நகர்வு வேறு மாதிரி. வண்டல் அதிகமுள்ள ஆறு தன் படுகையிலேயே மண்ணைக் கொட்டிக்கொண்டு உயரும். கரை கட்டக் கட்டப் படுகையும் உயரும். ஒரு கட்டத்தில் ஆறு ஊர்களைவிட உயரத்தில் ஓடும். அப்போது கரை உடைந்தால் தண்ணீர் பழைய வழிக்குத் திரும்பாது, பள்ளம் பார்த்துப் புதுத்தடம் பிடிக்கும். சீனத்தின் மஞ்சள் ஆறு 1855இல் அப்படித் தாவியது. ஷான்டாங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு, வடக்கே போஹாய் வளைகுடாவுக்குப் போய்விட்டது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தில் கோசி ஆறு கரையை உடைத்துக்கொண்டு, எப்போதோ கைவிட்ட பழைய தடம் ஒன்றில் பீகாருக்குள் இறங்கியது. இந்தக் கடைசி விவரம் நமக்கு முக்கியம். ஆறு தாவும்போது பெரும்பாலும் தன் பழைய தடத்தைத் தேடும். எனவே உங்கள் அடிப்படத்தில் ஆற்றுக்கு இரண்டு மூன்று பழைய தடங்களை இப்போதே புள்ளிக்கோட்டில் போட்டுவையுங்கள். பின்னால் ஆறு தாவும்போது வாசகருக்கு அது திடீர் வசதியாகத் தோன்றாது.

நிகழ்வுக் குறிப்பேடு

படத்தோடு கூட ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிவு. என் நோட்டிலிருந்து மூன்றைத் தருகிறேன். ஆறு கூராறு, துறைமுகம் சங்குத்துறை.

ஆண்டு 212. கூராறு, ஆனைக்கல்லுக்குக் கிழக்கே. பெருவெள்ளத்தில் வடகரை உடைந்து ஆறு வடக்கே தாவியது. காரணம்: மூன்று அரசர்கள் கரையை உயர்த்திக்கொண்டே போனார்கள், யாரும் தூர் வாரவில்லை. வேகம்: ஓர் இரவு. மிச்சம்: பழைய தடத்தில் வரிசையாகக் குளங்கள், தண்ணீர் இல்லாத ஏழு கண் பாலம். மக்கள் அதற்கு வைத்த பெயர்: செத்தாறு.

ஆண்டு 212 முதல் 270 வரை. சங்குத்துறை. ஆற்று நீர் வராததால் முகத்துவாரத்தில் அலை தள்ளிய மணல் அடைத்தது. வேகம்: இரண்டு தலைமுறை. மிச்சம்: தென்னந்தோப்பு நடுவில் கலங்கரை விளக்கம், கடை இல்லாத சங்கறுப்பார் தெரு.

ஆண்டு 240. புதிய முகத்துவாரத்தில் மீனவர்கள் குடியேறினார்கள். காரணம்: நன்னீரும் ஆழமும். பெயர்: தாவுதுறை.

முதல் பதிவு எழுதியபோது அடுத்த இரண்டும் மனதில் இல்லை. ஆறு போனால் துறை என்னாகும் என்று கேட்டபோது அவை தாமாக வந்தன. புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய மாற்றங்களை எண்ணிக்கையில் கூட்டாதீர்கள். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் விளைவுகளைக் கடைசி வரை விரட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர், பிறகு பயிர், பிறகு சாலை, பிறகு சந்தை, பிறகு எல்லை, பிறகு பெயர். இந்த வரிசையில் கேட்டால் பெரும்பாலும் எதுவும் விட்டுப்போகாது.

பதிவு முடிந்ததும் டிரேசிங் தாளில் ஏற்றுங்கள். ஒரு காலத்துக்கு ஒரு தாள். அந்தக் காலத்தில் உள்ளது முழுக்கோடு, முந்தைய காலத்தில் இருந்து போனது புள்ளிக்கோடு. நீர் நீலத்தில், மனிதர் கட்டியது சிவப்பில், மற்றது கருப்பில். மாறாத எதையும் மறுபடி வரையாதீர்கள், அடியில் இருப்பது தெரியட்டும்.

மிச்சங்கள்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபோது நீர்த்தேக்கத்தில் ஊர்கள் மூழ்கின. இன்றும் நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த இடத்தை ஒரு வரைபடத்தில் எப்படிக் காட்டுவீர்கள்? நீலப் பரப்புக்கு நடுவில் ஒரு புள்ளிக்கோட்டு வட்டம், பக்கத்தில் ஊரின் பெயர். அதைப் பார்க்கும் யாருக்கும் அங்கே ஒரு கதை இருப்பது தெரிந்துவிடும்.

பெயர்கள் இன்னும் நீண்ட நாள் தங்கும். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. அங்கே இருந்த நீண்ட ஏரி 1920களில் தொடங்கித் தூர்க்கப்பட்டு, தியாகராய நகரும் சுற்றுப்புறமும் எழும்பின. உங்கள் உலகிலும் நிலம் மாறிய பிறகு பெயரை மாற்றாதீர்கள். தண்ணீரே இல்லாத ஊருக்குத் 'துறை' என்று பெயர் இருக்கட்டும், மரமே இல்லாத பொட்டலுக்குக் 'காவு' என்று பெயர் இருக்கட்டும். எங்கள் ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கதைக்குள் ஒரு குழந்தை கேட்டால், அந்த உலகத்தின் வரலாற்றை ஒரு பாட்டி சொல்லத் தொடங்க அது போதும்.

மந்திரத்தால் மாறும் நிலம்

கற்பனை உலகம் என்பதால் தெய்வமும் பூதமும் நிலத்தை மாற்றலாம். அதற்கும் அதே மூன்று கேள்விகள்தான். கூடவே ஒரு வரம்பும் வேண்டும்: அந்தச் சக்தி எத்தனை தூரம் எட்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? என் உலகில் ஒரு பூதம் 60 ஆண்டுக்கு ஒருமுறை விழித்து ஓர் ஏரியைக் குடித்துவிட்டுத் தூங்கும். பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகிய நமக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபடும், பாத்திரங்களும் நாள் எண்ணிப் பயப்பட முடியும்.

மாயம் காரணத்தோடு நிற்கட்டும், விளைவு மண்ணுக்குரியதாக இருக்கட்டும். ஏரியைப் பூதம் குடித்தால் என்ன, பருத்தி குடித்தால் என்ன, ஏரல் கடலில் நடந்தவை இங்கேயும் நடக்கும்: மீன் போகும், படகு தரைதட்டும், அடியில் இருந்த உப்பு புழுதியாக எழுந்து வயலில் விழும், கோடை இன்னும் சுடும், குளிர் இன்னும் கடிக்கும். இவை எல்லாம் படத்தில் வரைய முடிந்தவை. வறண்ட ஏரிக்கு என் மக்கள் வைத்த பெயர் 'பூதங்குடித்தான்'.

நம் திணை மரபிலும் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது பழைய கணக்கு. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இன்றைய திணையை எழுதி, அது கெட்டால் எதுவாகும் என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் குறித்துவையுங்கள். நெய்தல் தூர்ந்தால் மருதமாகும், காடு அழிந்த முல்லை பாலையாகும். எனக்கு இந்த ஒரு பழக்கம் மற்ற எதையும்விட அதிகம் உதவியிருக்கிறது.

கணினியில் வரைவதானால்

தாளில் பழகிவிட்டு வந்தால் கணினி சுலபம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு லேயர் (டிரேசிங் தாள் மாதிரி ஓர் அடுக்கு) வைத்து, லேயரின் பெயரில் ஆண்டை முதலில் எழுதுங்கள். கரைக்கோட்டைப் புதிதாக வரையாமல், பழைய லேயரை நகலெடுத்து மாறிய புள்ளிகளை மட்டும் இழுங்கள்.

ஊர்கள் ஐம்பதைத் தாண்டினால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் கைகொடுக்கும். அதுவும் இலவசம்தான். ஒவ்வோர் ஊருக்கும் ஆற்றுத்துண்டுக்கும் அட்டவணையில் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என்று இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள். இன்னும் இருப்பவற்றுக்கு முடிவு ஆண்டாக 9999 போடுங்கள். 'தொடக்கம் 250க்குள், முடிவு 250க்குப் பிறகு' என்று வடிகட்டினால் 250ஆம் ஆண்டின் நாடு திரையில் வரும். உண்மை உலகின் பழைய நிலவரத்தைத் தொகுக்கும் ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் திட்டமும் இப்படித்தான், ஒவ்வொரு பொருளுக்கும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் குறித்து நடக்கிறது. கோடி ஆண்டுக் கணக்கில் கண்டங்களை நகர்த்தியே தீர வேண்டும் என்றால், கண்டத்தட்டுகளை நகர்த்திக் காட்டும் ஜிபிளேட்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

கதைக்குள் இருக்கும் படம்

நீங்கள் வைத்திருப்பது உண்மையான படம். உங்கள் பாத்திரங்களின் கையில் இருப்பது அவர்கள் காலத்தில் யாரோ வரைந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. 1798இல் ஜேம்ஸ் ரென்னல் என்ற ஆங்கிலேய வரைபடக்காரர் வரைந்த படத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே 'காங் மலைத்தொடர்' என்று ஒன்று இடம்பெற்றது. பார்த்து வரைந்தது இல்லை. பின்வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பென்ஷே அங்கே போய், அப்படியொரு மலைத்தொடரே இல்லை என்று கண்டு சொல்லும்வரை அது படங்களில் நின்றது.

அதனால் அடிப்படமும் தாள்களும் முடிந்தபின் இன்னும் ஒரே ஒரு படம் வரையுங்கள். அதை யார், எந்த ஆண்டில், எதற்காக வரைந்தார் என்று மேலே எழுதுங்கள். என்னுடையது ஆண்டு 300இல் ஒரு வரித்தண்டல்காரர் அரண்மனைக்காகப் போட்டது. பழைய ஓலையைப் பார்த்துப் பிரதி எடுத்தவர் அவர். அதில் சங்குத்துறையில் இன்னும் கப்பல்கள் நிற்கின்றன, செத்தாற்றில் தண்ணீர் ஓடுகிறது, தாவுதுறை என்ற ஊரே இல்லை. அந்தப் படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் நாயகி கப்பலேறப் புறப்படுகிறாள். நான்காம் நாள் மாலை தென்னந்தோப்புக்குள் அந்தக் கலங்கரை விளக்கத்தின் அடியில் வந்து நிற்கிறாள். அங்கே தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவரிடம் கடல் எங்கே என்று கேட்கிறாள்.